நீ வரைந்த அறையைப் பற்றி

ராசா,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு, "பிறகு சொல்லுறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பிறகு இதுதான். கலியாணத்துக்கு இன்னும் சில கிழமைகளே இருக்கின்றன. அது முடிந்ததும் நீயும் சுகந்தியும் மிசிசாகா வீட்டுக்குப் போகிறீர்கள். நானும் உங்களோடு வருவதென்றால் இந்த மாதம் முடிவதற்குள் இங்கே கட்டட அலுவலகத்தில், வீட்டை விடுகிறேன் என்று நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வருகிறேனா, இல்லையா என்பதுதான் உன் கேள்வி. ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்விதான். ஆனால் கேள்வியோடு நீ ஒரு வரைபடத்தையும் தந்தாய். பிறகு அதைத் திருத்தி இன்னொன்றும் தந்தாய். இரண்டையும் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நேரே பேசினால் பாதியில் என்னைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் வரைபடத்தை நீ கொண்டுவந்த நாளில் சுகந்தியும் கூட வந்திருந்தாள். தேத்தண்ணிக் கோப்பைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, சுருட்டி வந்த தாளை மேசையில் விரித்தாய். கீழ்த்தளத்தில், ஒரு சின்ன அறைக்குப் பக்கத்தில், பின்வளவைப் பார்த்த யன்னலோடு எனக்கென்று ஓர் அறை. சுவருக்குள் பதித்த அலுமாரி. தேவையென்றால் இழுத்து விரிக்கவும் வேண்டாமென்றால் மடித்து வைக்கவும் கூடிய மேசை. "அம்மா, ஒரு இஞ்சிகூட வேஸ்ட் இல்லை, பாருங்கோ. எவ்ரிதிங் ஹாஸ் எ ஜொப்" என்றாய். சுகந்தி என் பக்கம் சாய்ந்து, "மாமி, இவர் என்ர சப்பாத்துகளை எண்ணிப்போட்டுத்தான் அலுமாரி கீறினவர். இனி நான் புதுசா ஒரு சோடி வாங்கினால் பழசில ஒரு சோடியை எறியவேணுமாம்" என்றாள். "ரெண்டு சோடி எறியவேணும்" என்று நீ சொன்னாய். நாங்கள் மூவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தபோதுதான் கட்டிலைக் கண்டேன். ஒற்றைக் கட்டில். அலுமாரிக்கு ஒரு கதவு. மேசைக்கு ஒரு கதிரை.

உன் அப்பா பாஸ்போட் அலுவலாகக் கொழும்புக்குப் பஸ் ஏறியபோது உனக்குப் பத்து வயது. வழியில் பஸ்ஸை மறித்தார்கள், இறக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர் என்று அதே பஸ்ஸில் போன ஒருவர் வந்து சொன்னார். அதற்குப் பிறகு எவரும் எதுவும் சொல்லவில்லை. உடலும் இல்லை, செய்தியும் இல்லை. அதனால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை, வருடம் முடிய ஆட்டத்திவசமும் இல்லை. நான் பொட்டு வைக்கிறேன், தாலி போட்டிருக்கிறேன். உன் கலியாண அழைப்பிதழில் அவருடைய பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடாமல் கொடுத்தபோது நீ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதற்காக உன்னை மனதுக்குள் எத்தனையோ முறை வாழ்த்தினேன். இத்தனை வருடத்தில் சொந்தக்காரரோ அயலவரோ யாரும் என் முகத்தைப் பார்த்து, அவர் இல்லை என்று சொன்னதில்லை. உன் பென்சில்தான் முதலில் சொன்னது. நீ வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த அறையில் எத்தனை பேர் என்று எண்ணியிருக்கிறாய். ஒருவர் என்று வந்திருக்கிறது.

"அம்மா, ஏதும் பிழையோ?" என்று கேட்டாய். "தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்திட்டன்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனேன். சுகந்தி பின்னால் வந்தாள். கழுவிக் காய்ந்திருந்த கோப்பைகளை எடுத்து மறுபடி துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். அப்படி நிற்கத் தெரிந்த பெண்ணின் சப்பாத்துகளை எண்ணாதே ராசா. அவளுக்குத் தேவையில்லாத சில சாமான்கள் இருக்கட்டும். உனக்கும் இருக்கட்டும்.

நீ இப்படிக் கீறப் பழகியதற்கு என் வேலையும் ஒரு காரணம். நான் ஏலக்கடையில் மரச்சாமான்களுக்கு மெழுகு தேய்க்கச் சேர்ந்தவள். யாழ்ப்பாணத்தில் பட்டம் எடுத்தவள் என்று தெரிந்த பிறகு முதலாளி என்னை, ஏலத்துக்கு வரும் சாமான்களின் விவரக்கொத்து எழுதும் மேசைக்கு மாற்றினார். எந்த மரம், எந்த ஊர், எந்தக் காலம், எங்கே கீறல், எங்கே பூச்சி என்று எழுதும் வேலை. இந்த நகரத்தில் தனியாக இறந்துபோகும் ஜெர்மன்காரரும் ஒஸ்திரியக்காரரும் விட்டுச்செல்லும் வீடுகள் எங்களிடம்தான் வந்து சேர்ந்தன. விற்று முடிந்த விவரக்கொத்துகளை வீட்டுக்குக் கொண்டுவருவேன். நீ படம் பார்ப்பாய். பிறகு உள்ளக வடிவமைப்புப் படிக்கப் போனாய். அதற்குள் நம் வீட்டில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. எனக்குப் பிடித்தது வியன்னா. உனக்குப் பிடித்தது பிராங்பேர்ட்.

முதலாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜெர்மன் நகரங்களில் வீடில்லாதவர்களுக்காகச் சின்னச் சின்ன வீடுகளை வரிசையாகக் கட்டினார்கள். ஒரு மனிதர் வாழ மிகக் குறைந்தது எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் பார்த்தார்கள். பிராங்பேர்ட்டில், ரயிலில் சமைக்கும் பெட்டியைப் போல ஒடுக்கமாக ஒரு குசினியைச் செய்தார்கள். அதைக் கீறியவர் ஒரு பெண். சமைப்பவள் தேவையில்லாமல் ஓரடிகூட நடக்கக்கூடாது என்பது நோக்கம். சீனிக்கு ஓர் உலோக இழுப்பறை, அரிசிக்கு ஒன்று, ஒவ்வொன்றின் முகப்பிலும் பெயர். இருந்தபடியே திரும்ப ஒரு முக்காலி. அந்தப் படங்களை நீ கொண்டுவந்து காட்டிய நாளில், இதே மாடியில் இருக்கும் பவளம் அக்காவும் வந்திருந்தா. கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "எட தம்பி, உதுக்குள்ள நானும் கொம்மாவும் சேர்ந்து நிக்கேலாதே. ஆர் வெங்காயம் உரிக்கிறது, ஆர் ஊர் விடுப்புச் சொல்லுறது?" என்றா. "அன்ரி, இது ஒரு ஆளுக்கெண்டு டிசைன் பண்ணினது. எஃபிஷியன்சி" என்று நீ விளங்கப்படுத்தினாய். "ஒரு ஆள் தனிய நிண்டு சமைக்கிறது பத்தியத்துக்கடா" என்றா பவளம் அக்கா. நான் அன்று உன் பக்கம் நின்றேன். அது உண்மையிலேயே அழகான குசினி. ஆனால் அந்த வீடுகளில் இருந்த பெண்களில் சிலருக்கு உள்ளே போய்க் கதவை இழுத்தால் வீட்டில் வேறு ஆட்களே இல்லாததுபோல் இருந்தது என்று பிறகு எங்கோ வாசித்தேன். உன்னிடம் சொல்லவில்லை. உன் சந்தோசத்தில் ஏன் கைவைக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

வியன்னாவை எனக்குப் பிடித்தது வளைத்த கதிரைகளால். பீச் மரத்தடியை நீராவியில் வேகவைத்து, இரும்பு அச்சில் வளைத்துக் காயவிட்டுச் செய்த கதிரைகள். ஆணி இல்லை, செதுக்கு வேலை இல்லை. சில துண்டுகள், சில திருகுகள். கழற்றிப் பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றினார்கள். உலகத்தின் எந்தக் கோப்பிக் கடையிலும் அதே கதிரை. ஒரு கால் முறிந்தால் இன்னொன்றின் காலை எடுத்துப் பூட்டலாம். எங்கேயோ தொலைந்த ஒன்றை வேறோர் ஊரில் அப்படியே திரும்ப வாங்கலாம். அந்த எண்ணம் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஊரில் எல்லாவற்றையும் விட்டுவந்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்? அதற்குப் பிறகு வந்த வியன்னாக்காரர் அறையை முழுதாகவே ஒரே பொருளாக நினைத்தார்கள். கறுப்பு, வெள்ளை, சதுரம். கட்டிலும் அலுமாரியும் விளக்கும் கரண்டியும் ஒரே கையால் கீறப்பட்டவை. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவை அநாதையாக நிற்கும். அந்த மாதிரி அறைகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும். ஏன் என்று அப்போது தெரியாது.

எங்கள் கடைக்கு எல்சா என்றொரு வியன்னாக்கார மனுஷி வருவா. எழுபதுக்கு மேல் வயது. ஏலத்துக்கு முதல்நாள் சாமான்களைப் பார்க்க விடும்போது கைப்பையில் அளவுநாடாவோடு வந்து நிற்பா. ஓர் அலுமாரியை அளந்துவிட்டு, அரை இஞ்சி கூட என்று திரும்பிப் போனதை நான் கண்டிருக்கிறேன். ஒருமுறை, வியன்னா என்று நான் எழுதியிருந்த ஒரு மேசையைச் சுற்றிவந்து, "இது வியன்னா இல்லை, பெண்ணே. வியன்னாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட ஏதோ ஊர்" என்றா. சரியாகத்தான் சொன்னா. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வாங்குவா. வேறு எதையும் திரும்பிப் பார்க்கமாட்டா. ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த சாமான்களுக்குச் சோடி தேடுகிறா என்று நான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் மேசை ஒன்றை வாங்கினா. கட்டிலோடு ஒட்டி வைக்கிற, சதுரக் கைப்பிடி போட்ட சின்ன மேசை. அதைக் கொண்டுபோன வண்டியில் நானும் போனேன், மேசையின் ஒரு காலில் வெடிப்பு இருந்ததால் இறக்கும்போது பார்க்கவேண்டி இருந்தது. நாங்கள் இருக்கும் கட்டடத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஒரு பழைய அடுக்குமாடி. படுக்கையறைக் கதவைத் திறந்துவிட்டா. இரட்டைக் கட்டில், இரண்டு கதவு அலுமாரி, இரண்டு கதிரை, ஒரு பக்கம் ஒரு சின்ன மேசை. அதே மாதிரியான, நாங்கள் கொண்டுபோன மேசையை மறுபக்கம் வைத்தோம். அவ கதவடியிலேயே நின்றா. தேத்தண்ணி தந்தபோதுதான் சொன்னா: வியன்னாவிலிருந்து எதையும் கொண்டுவரவில்லையாம். ஒரு பெட்டியோடு முதலில் தான் புறப்பட்டதாகவும், அலுவல்களை முடித்துக்கொண்டு கணவர் அடுத்த மாதம் வருவதாக இருந்ததாகவும் சொன்னா. வரவில்லை. நாசிகள் அவரை எங்கே கொண்டுபோனார்கள் என்று யுத்தம் முடிந்த பிறகும் உறுதியாகத் தெரியவில்லை. பிறகு இந்த நகரத்து ஏலக்கடைகளில், அந்த அறையில் இருந்த அதே சாமான்களை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கியிருக்கிறா. அவர்களுடைய அறையும் பட்டறையில் செய்து பலருக்கும் விற்ற வகைதான் என்பதால் அது முடிந்திருக்கிறது. "எல்லாம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அளந்தால் போதும்" என்றா. பிறகு, "இன்றைக்குத்தான் முடிந்தது. இனி நான் எதைத் தேடிப் போவேன்?" என்றா. அதற்குப் பிறகு அவ கடைக்கு வரவேயில்லை.

இனி உன் இரண்டாவது வரைபடத்துக்கு வருகிறேன். அடுத்த கிழமையே தனியாக வந்தாய். நீ விளங்கிக்கொண்டுவிட்டாய் என்பது, சப்பாத்தைக் கழற்றும்போது என்னைப் பார்க்காமல் இருந்ததிலேயே தெரிந்தது. "சொறி அம்மா. நான் யோசிக்கேல்லை" என்று தாளை விரித்தாய். இரட்டைக் கட்டில். இரண்டு கதவு. இரண்டு கதிரை. அறை பெரிதாகியிருந்தது. "பக்கத்தில இருந்த சின்ன அறை எங்கை?" என்று கேட்டேன். "அது தேவையில்லை அம்மா." "அது ஆருக்கு விட்ட அறை?" யன்னலைப் பார்த்துக்கொண்டு, "சும்மா, ஸ்டோரேஜ்" என்றாய். உனக்குப் பொய் சொல்ல வராது, உன் அப்பாவைப் போல. முதல் வரைபடத்தை எடுத்து அந்தச் சின்ன அறையைப் பார்த்தேன். மற்ற எல்லா இடத்திலும் இன்னது இன்னதற்கு என்று ஒழுங்காக எழுதியிருக்கிறாய். அதில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் வேலை கொடுக்கிற நீ, அதை மட்டும் வரப்போகிற யாருக்காகவோ சும்மா விட்டிருந்தாய். அதை எடுத்து உன் அப்பாவுக்குத் தந்துவிட்டாய்.

நான் அன்று அழுதது சந்தோசத்தில் என்று நீ நினைத்துக்கொண்டு போனாய். உண்மையில் பயந்துதான் அழுதேன். அந்த இரட்டைக் கட்டிலை நீ வரைந்த விதத்தில், இரண்டு தலையணைகளையும் போட்டிருந்தாய்.

போன மாதம் எல்சா இறந்துவிட்டா. வீட்டுச் சாமான்களைப் பதிவு செய்ய முதலாளி என்னை அனுப்பினார். கட்டடத்துச் சொந்தக்காரர் கதவைத் திறந்துவிட்டுக் கீழே போய்விட்டார். பகல் வெளிச்சம் நல்லாக இருந்தது. நான் வழக்கம்போல அலுமாரியில் தொடங்கினேன். வலதுபக்கக் கதவைத் திறந்தேன். அவவின் உடுப்புகள். அவை தொங்கிய கொளுவிகள் போய்வந்து போய்வந்து தடியில் மெல்லிய பள்ளம் விழுந்திருந்தது. கைப்பிடி மங்கியிருந்தது. இடதுபக்கத்தைத் திறந்தேன். சத்தமே வரவில்லை. மரக் கொளுவிகள் வரிசையாகத் தொங்கின, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி விட்டு. தடியில் ஒரு கீறலும் இல்லை. எங்கள் தொழிலில் அதை எழுத ஒரு வழக்கம் இருக்கிறது: 'புதிது போல'. விலை ஏற்றுகிற சொற்கள் அவை, எழுதும்போது சந்தோசப்படுவோம். 'இடது பகுதி, புதிது போல' என்று எழுதினேன். கட்டிலுக்கு வந்து மெத்தையை அழுத்திப் பார்த்து, 'வலது பக்கம் அமுங்கியுள்ளது. இடது பக்கம், புதிது போல' என்று எழுதினேன். சின்ன மேசை, கதிரை, எல்லாவற்றுக்கும் அதையே எழுதவேண்டி இருந்தது. அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். எங்கே இருந்தேன் என்று பிறகுதான் பார்த்தேன். அவருடைய பக்கத்தில். எழும்பு என்று யாரோ மெதுவாகச் சொன்ன மாதிரி இருந்தது. ஆண் குரலா பெண் குரலா என்றுகூட என்னால் சொல்ல முடியாது. எழும்பி, என் உடல் பட்டுச் சுருங்கிய விரிப்பைக் கையால் நீவி நீவிப் பழையபடி ஆக்கினேன். அது பழையபடி ஆகவில்லை.

அந்த அறையில் இத்தனை வருடமும் எல்சா தனியாக இருக்கவில்லை என்பது அன்று எனக்குத் தெரிந்தது. வராத ஒருவருக்கு இடம் விட்டால், அந்த இடம் வெறுமையாக இருப்பதில்லை. அது இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கும். நான் இங்கே அப்படி வாழவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இங்கே இருப்பது யாரோ விட்டுப்போன கட்டில், யாரோ தந்த அலுமாரி. எதுவும் உன் அப்பாவுக்காக அளந்து செய்ததில்லை. நீ உன் கையால், ஒரு இஞ்சி பிசகாமல், அவர் இல்லாததற்கு ஓர் அறை கட்டித்தந்தால் நான் அதற்குள் என்ன செய்வேன்? நீ திறமான வேலைக்காரன். அது முழுமையாக இருக்கும். அதுதான் எனக்குப் பயம்.

ஆகவே என் பதில்: வருகிறேன். முதல் வரைபடத்தையே கட்டு. ஒற்றைக் கட்டில், ஒரு கதவு. சின்ன அறையைச் சுகந்திக்கும் உனக்கும் திருப்பித் தருகிறேன். அதில் ஒன்றும் எழுதாமல் விடு, சாமான் அடைக்காதே. குசினியை மட்டும் கொஞ்சம் அகலமாக்கு. சுகந்தியும் நானும் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நிற்கவேண்டும், பவளம் அக்கா வந்தால் அவவும் நிற்கவேண்டும். இதை வைத்து, அம்மா முடிவெடுத்துவிட்டா, அப்பா இறந்துபோனார் என்று ஒத்துக்கொண்டுவிட்டா என்று நினைக்காதே. உன் கலியாணத்தில் நான் பொட்டோடும் தாலியோடும்தான் நிற்பேன். யாராவது முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். அவர் வந்தால், வந்த அன்றைக்கு மூன்றாவது வரைபடத்தைக் கீறு. வந்த ஆளை அளந்து கீறு.

இன்னும் ஓர் அலுவல் இருக்கிறது. தொலைபேசிக் கம்பனியில் விசாரித்தேன். மிசிசாகாவுக்கு முன்னிலக்கம் வேறு. இந்த எண்ணை அங்கே கொண்டுவர முடியாதாம். கனடா வந்து இறங்கியதும் எடுத்த எண் இது. ஊரிலேயே நின்றுவிட்ட உன் பெரிய மாமிக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே அனுப்பினேன். உன் அப்பா வந்து கேட்டால் கொடுக்கச் சொல்லி, அவ இடம்பெயர்ந்த ஒவ்வொரு ஊரிலும் நாலு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறா. சில வேளை எடுத்தால் ஆள் பேசாது. தூரத்தில் ஓர் இரைச்சல் வரும், பிறகு அறுந்துவிடும். "அது டெலிமார்க்கெட்டிங் அம்மா, வையுங்கோ" என்று நீ சொல்லுவாய். நீ பக்கத்தில் இல்லாத நேரங்களில் நான் வைப்பதில்லை. அறுந்த பிறகும், "நான் இஞ்சைதான் இருக்கிறன்" என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பேன். கம்பனிப் பெண் நல்ல பிள்ளை. கொஞ்ச நாளைக்குப் புதிய எண்ணைச் சொல்லும் ஒலிப்பதிவைப் போடலாம் என்றாள். போடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அது என் குரலாக இராது.

லைன் வெட்டும் நாளில் நீ லீவு போட்டுவிட்டு வா. சுகந்தி வேண்டாம், பவளம் அக்காவும் வேண்டாம், நீ மட்டும். சாமான்கள் போயிருக்கும்; நிலத்தில்தான் இருக்கவேண்டி வரும். சாப்பாடு நான் கட்டி வைத்திருப்பேன். எத்தனை மணிக்கு வெட்டுவார்கள் என்று கம்பனிப் பெண்ணுக்கும் தெரியவில்லை. அதுவரைக்கும் என்னோடு இரு. அதற்குள் மணி அடித்தால் நீ எடு, ராசா. நான் எடுத்தால் என்னால் இந்த வீட்டை விட்டு வர முடியாது.

அம்மா